கட்டைவிரல் காப்பகம்

பதினாறு வயது நிரம்பாதவர்கள் சமூக வலைத்தளங்களைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதன்படி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வலது கட்டைவிரலைக் கழற்றி அரசிடம் ஒப்படைத்தார்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடது விரலைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் திரையைத் தள்ளிப் பழகியவர்கள் இரண்டையும் கொடுக்க வேண்டியிருந்தது. கழற்றுவதில் ஒரு சிரமமும் இல்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். பதினாறாவது பிறந்தநாளன்று வந்து வாங்கி, வலப்பக்கமாகத் திருகி மாட்டிக்கொள்ளலாம்.

நான் அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளர். பெயர் லோகநாதன். காப்பகத்துக்கென்று கட்டடம் எதுவும் கிடைக்காததால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். விரல்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தன. நான் மணமகன் அறையில் உட்கார்ந்திருந்தேன். என் மேலதிகாரி ஆரோக்கியமேரி மேடத்துக்கு மணமகள் அறை.

மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுத்தான் விரலைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அடியில் பெயர் வெட்டாத டப்பாவும் கிடையாது. ஆகவே தனியாகப் பெயர் ஒட்டுகிற வேலை எனக்கு மிச்சமானது. ஒவ்வொரு டப்பாவையும் தூக்கி அடியில் இருந்த பெயரைப் படித்து அகர வரிசையில் அடுக்கிவிட்டேன். இந்த யோசனைக்காக மேடம் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கொஞ்ச நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

விரல்கள் சும்மா கிடப்பதில்லை. டப்பாவுக்குள்ளேயே கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு டப்பாவில் காது வைத்தால் ஒன்றும் தெரியாது. கூடம் நிறைய டப்பாக்கள் சேர்ந்தால் விடாமல் தூறுகிற சத்தம். முதல் வாரம் நான் குடையை எடுத்துக்கொண்டுதான் கூடத்துக்குள் போனேன். தினமும் காலையில் அவற்றை வெளியே எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும். பந்தி மேஜைகளில் காகிதச் சுருளை விரித்து வரிசையாகப் படுக்க வைப்பேன். அவை காகிதத்தைத் தள்ளத் தொடங்கும். மதியத்துக்குள் சுருள் தீர்ந்துவிடும், விரல்களைத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுவேன். எதுவாவது பிடித்துப்போனால் இரண்டு தரம் தட்டும். ஜன்னலில் அணில் வந்து நின்றால் கூடம் முழுவதும் தட்டும். மேடம் புதுப்புடவை கட்டி வந்தாலும் தட்டும். மேடம் கவனிக்காத மாதிரிதான் போவார். ஆனால் அன்றைக்கு மட்டும் மேஜைகளை ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுவார்.

ஒரே ஒரு விரல் மட்டும் தள்ளாமல் காகிதத்தைக் குத்திக்கொண்டே இருந்தது. அணில் வந்தாலும் அதற்கு அக்கறையில்லை. கோளாறான விரல் என்று நினைத்து அதை மேஜையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

என் மகள் வர்ணிகா பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் விரலும் என் காப்பகத்தில்தான் இருந்தது. ஒப்படைக்கிற நாளில் எனக்கு வேலை நெட்டி முறித்ததால் என் மனைவி சுகுணாதான் அவளை அழைத்து வந்து வேறொரு மேஜையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து வர்ணிகாவால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அவளுக்குச் சோறு பிசைய வரவில்லை. நாலு விரலால் அள்ளினால் பாதி தட்டிலேயே விழும். ஸ்பூன் கொடுத்தால் அதைத் தள்ளிவிடுவாள். சுகுணா ஊட்ட வந்தால் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவாள். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை. ஒரு ஆள் அப்படிக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் இன்னொரு ஆள் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? நானும் எழுந்து நடந்தேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே நடந்து, நடுவில் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி நடந்தோம்.

அவள் கைபேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. அவ்வப்போது உறுமும். உறுமும்போதெல்லாம் அவள் நடையை நிறுத்துவாள்.

“கொஞ்ச நேரம் உக்காரேம்மா” என்றேன்.

“பெனிட்டா ஏதோ சொல்ல வந்தாப்பா. மெசேஜ் வந்துச்சு. தொட்டேன். படிக்கறதுக்குள்ள அம்மா விரலைத் திருகிட்டாங்க.”

பெனிட்டா அவளுடைய தோழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே சாப்பாட்டு டப்பா. போன மே மாதம் அவளுடைய அப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு போய்விட்டார்கள்.

“கூப்பிட்டுப் பேசேன். என் போன்லேர்ந்து பேசு.”

“பக்கத்துல அவங்க அம்மா இருப்பாங்க. ஒண்ணும் சொல்லமாட்டா. அவ எழுதத்தான் செய்வா.”

“சரி, விரல் இல்லாம தொறக்க முடியாதா? நம்பர் கிம்பர் போட்டு?”

“நம்பர் எனக்குத் தெரியாது. என் விரலுக்குத்தான் தெரியும்.”

அதில் தவறு சொல்ல முடியாது. எனக்கும் ஏடிஎம் எண் அப்படித்தான். நான் தலையை ஆட்டிவிட்டு என் கைபேசியைப் பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்க விரலும்தான் நிக்கறதே இல்ல” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

அன்று சுகுணா சமையலறையில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டாள். “பெனிட்டாதானா, இல்ல வேற யாராச்சுமா?” அந்த ஒரு கேள்வி போதும். எவனோ ஒரு பையன் அந்தக் கைபேசிக்குள் உட்கார்ந்துகொண்டு உறுமுகிறான் என்றே தோன்ற ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. கைபேசி உறுமினால் இப்போது நானும் நடையை நிறுத்தினேன்.

காப்பகத்தில் ‘ப. சுகுணா, தாய்மாமன் அன்பளிப்பு’ என்று பெயர் வெட்டிய டப்பா எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு வந்த டப்பா அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்து விரலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். மற்ற விரல்கள் தள்ளிக்கொண்டிருக்க, இது மட்டும் என் கையில் பேசாமல் படுத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் என் முகத்தைப் பார்க்காதவள் இங்கே இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறாளே என்று நினைத்தேன். பதவி உயர்வில் என்னைத் தாண்டி இரண்டு பேருக்குக் கொடுத்த கதையைச் சொன்னேன். அவளுடைய அம்மா குறட்டை விடுவதைச் சொன்னேன். “நீ என்கூடப் பேசாம இருக்கறது எனக்குத் தாங்கலைம்மா” என்றும் ஒருநாள் சொன்னேன். அது இரண்டு தரம் தட்டியது.

ஒரு சனிக்கிழமை மதியம் அதைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வர்ணிகா டியூஷனுக்குப் போயிருந்தாள். பெனிட்டாவின் செய்தியை அவளுக்குப் படித்துச் சொல்லிவிடலாம் என்பது ஒரு காரணம். அவள் வருவதற்குள் மற்றதையும் பார்த்துவிடலாம் என்பது பெரிய காரணம். கைபேசியை எடுத்து விரலை வைத்தேன். பொருந்தவில்லை என்றது. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். பொருந்தவில்லை. ரேஷன் கடையில் சொல்வார்களே என்று ஈரப்படுத்தி வைத்தேன். அப்போதும் இல்லை.

நிமிர்ந்தபோது வர்ணிகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“அது பவித்ரா விரல்பா.”

பவித்ரா மூன்றாவது வீட்டு உஷாவின் மகள்.

“எப்படிச் சொல்ற?”

“நகத்தைப் பாருங்க, கடிச்சிருக்கா. என் விரல்ல தோசைக்கல்லு சுட்ட தழும்பு இருக்கும்.”

எனக்கு அந்தத் தழும்பு தெரியாது. சின்ன வயதில் கடைத்தெருவுக்குப் போகும்போது அவள்தான் என் விரலைப் பிடித்துக்கொண்டு வருவாள். அவள் விரலை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. பவித்ராவின் விரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சுகுணாதான் விஷயத்தை விளக்கினாள். “நம்ம டப்பாவா? தீபாவளிக்கு உஷாவுக்கு அதுல அதிரசம் குடுத்தனுப்பினேன். அவ அதுலயே பவித்ரா விரலைப் போட்டுக் குடுத்திருப்பா.”

“டப்பாவை அவ திருப்பிக் குடுக்கலையா?”

“வெறும் டப்பாவை எப்படிக் குடுப்பா?”

இது எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பலகாரம் வந்த டப்பாவை யாரும் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. பதிலுக்கு ஏதாவது செய்யும்வரை அது அலமாரியில் இருக்கும். அதற்குள் வேறு எங்கேயாவது போய்விடும். சட்டம் வந்தது தீபாவளி முடிந்த வாரம். அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு டப்பாகூட அதன் சொந்த வீட்டில் இருக்காது. நான் அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தது விரல்களை அல்ல, பலகாரம் கொடுத்தவர்களை.

“அப்ப இவ விரலை எதுல போட்டுக் குடுத்த?”

சுகுணா அலமாரியைப் பார்த்து யோசித்தாள். “ரோஸ்லின் டப்பா. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்ததே, அது. முறுக்கு சுத்தித் திருப்பிக் குடுக்கணும்னு எடுத்து வெச்சேன். அதுக்குள்ள மாத்தலாகிப் போயிட்டாங்க.”

ரோஸ்லின் பெனிட்டாவின் அம்மா.

நானும் வர்ணிகாவும் அப்போதே மண்டபத்துக்குக் கிளம்பினோம். அகர வரிசையில் ‘ரோ’ கடைசிப் பக்கம். ‘ஞா. ரோஸ்லின்’ என்று வெட்டிய டப்பாவை எடுத்துத் திறந்தேன். உள்ளே தோசைக்கல் தழும்போடு இருந்தது நான் ஓரத்தில் ஒதுக்கி வைத்த அந்தக் கோளாறான விரல்தான்.

அதைக் காகிதத்தில் வைத்தேன். உடனே குத்தத் தொடங்கியது. வர்ணிகா மேஜையில் முகத்தைச் சாய்த்து அது போகிற இடங்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

“பெனிட்டாவுக்குப் பதில் போடுதுப்பா. நான் படிக்கறதுக்கு முன்னாடி இது படிச்சிருக்கு. கடைசியாத் தொட்டது அதைத்தானே.”

“என்ன பதில்?”

“‘நானும் தனியாத்தான் சாப்பிடறேன். அழாத.’ இதையேதான் திருப்பித் திருப்பிப் போடுது.” அவள் நிமிரவில்லை. “புது ஸ்கூல்ல அவகூட யாரும் உக்காந்து சாப்பிடறதில்ல போல. அதைத்தான் சொல்ல வந்திருக்கா.”

“நீ தனியாவா சாப்பிடற?”

“மே மாசத்துலேர்ந்து” என்றாள்.

ஸ்கூல் திறந்தது ஜூனில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை. எவனோ ஒரு பையன் என்று நான் பயந்தது இதற்கா என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. என் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறாள். வீட்டில் நான் அவளை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் விரல் ஆள் இல்லாத காகிதத்தில் நாள் முழுக்கப் பதில் எழுதுகிறது. நான் அதற்கு அணிலைக் காட்டியிருக்கிறேன்.

“மாட்டிக்கறியாம்மா?” என்று கேட்டேன். விதியில் அதற்கு இடமில்லை. பொறுப்பாளர் அப்படிக் கேட்கவே கூடாது.

அவள் யோசித்துவிட்டு, “வேணாம். அவளுக்கு அனுப்பிடுங்க. பதில் அதுகிட்டதான் இருக்கு” என்றாள்.

மணமகள் அறையிலிருந்து ஆரோக்கியமேரி மேடம் வந்தார். நான் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் விரலைப் பார்க்கவில்லை. டப்பாவைத் தூக்கி அடியில் இருந்த பெயரைப் படித்தார்.

“இவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“தூத்துக்குடியில மேடம்.”

“போன கிறிஸ்துமஸ் டப்பாவை இன்னும் வெச்சிருக்கீங்களா? அடுத்த வீட்டுப் பாத்திரத்தை அரசாங்கம் வெச்சுக்க முடியாது லோகநாதன். இன்னிக்கே அனுப்பிடுங்க.” அறைக்குத் திரும்பிப் போனவர் கதவருகே நின்றார். “வெறுமனே அனுப்பாதீங்க. நல்லாருக்காது.”

தூத்துக்குடி பேருந்து நான்கு மணிக்கு வந்தது. ஓட்டுநரிடம் டப்பாவைக் கொடுத்து, அங்கே ரோஸ்லின் என்பவர் வந்து வாங்கிக்கொள்வார் என்றேன்.

“உள்ள என்ன, ஊறுகாயா? சாயாம வெக்கணுமா?”

“விரல்ண்ணே.”

“அப்ப பின்னாடி வெச்சுடறேன். போன வாரம் ஒண்ணை முன்னாடி வெச்சு, வழி பூரா ஹாரனை விடவே இல்ல.”

அதற்கப்புறம் பதிலுக்குக் காத்திருந்தோம். தினமும் நான்கு மணிக்கு நானும் வர்ணிகாவும் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். நடை குறையவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேரும் ஒரே பக்கமாக நடந்தோம். பேருந்தில் ஒன்றும் வராத நாட்களில் அவள் வேகமாகத் திரும்புவாள். நான் மூச்சு வாங்க ஓடுவேன். போய்ச் சேர்ந்ததா, வழியில் யாராவது ஊறுகாய் என்று எடுத்துவிட்டார்களா என்று எனக்கு ஒரு நிலையில் இருப்புக்கொள்ளவில்லை. விரல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் வெள்ளியில் கட்டைவிரல் செய்து போடுவதாகச் சுகுணா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கடையில் கட்டைவிரல் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். ஒரு வெள்ளிக் காதை வாங்கிவந்தாள். அம்மன் புரிந்துகொள்வாள் என்று கடைக்காரர் சொன்னாராம்.

இதற்கிடையில் பவித்ராவுக்குப் பதினாறு முடிந்தது. வந்து விரலை வாங்கி மாட்டிக்கொண்டாள். வாசல்படியில் நின்று திரும்பி, “மாமா, உங்க ப்ரமோஷன் என்னாச்சு?” என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். “வந்துடும் மாமா. அத்தைக்குத் தலகாணியை மாத்திப் போடுங்க, குறட்டை குறையும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு புதன்கிழமை டப்பா வந்தது. அதே ரோஸ்லின் டப்பா. பேருந்து நிலையத்திலேயே திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு கட்டைவிரல். நகத்தில் நீலப் பூச்சு பாதி உரிந்திருந்தது.

“பெனிட்டாவோடது” என்றாள் வர்ணிகா.

பெனிட்டா அவளைவிடக் கொஞ்சம் மூத்தவள். போன மாதம் பதினாறு முடிந்து அங்கே விரலைத் திரும்ப வாங்கியிருந்தாள். பதினாறு ஆகாத விரல்தான் காப்பகத்துக்கு வர வேண்டும். இதற்கு ஆகிவிட்டது. பொறுப்பாளர் என்ற முறையில் நான் இதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் தவறு தென்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வர்ணிகா கையைக் கழுவிவிட்டு விரலை வலப்பக்கமாகத் திருகி மாட்டினாள். அவளுடையதைவிடச் சற்று நீளம். ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு நடக்காமல் போய்த் தரையில் உட்கார்ந்தாள். சுகுணா தட்டு வைத்து ரசம் ஊற்றினாள். வர்ணிகா சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. பாதியில் நிறுத்தி, யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாள். சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்ததும் என் கண் கலங்கிவிட்டது.

“அங்க அவளும் இப்பத்தான் தட்டு வெச்சிருக்கா. என் விரலாலதான் பிசையறா” என்றாள். “இன்னிக்கு அங்க மீன் கொழம்பு. உப்பு கம்மி.”

“நல்லாச் சாப்பிடச் சொல்லு” என்றாள் சுகுணா.

“நீங்களும் உக்காருங்கப்பா” என்றாள் வர்ணிகா.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைபேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் ஒரு கவளம் உருட்டி என் தட்டில் வைத்தாள். மீன் குழம்பு வாசனை வந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். தூத்துக்குடியையும் சேர்த்தால் நான்கு பேர். யாரும் நடுவில் எழுந்திருக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சுகுணா ரோஸ்லின் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“நாளைக்கு நாலு மணி பஸ்ஸுக்கு இதைத் திருப்பி அனுப்பணும்” என்றாள். “வீட்ல பலகாரம் ஒண்ணுமே இல்ல.”

இரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள். என் கட்டைவிரல் தரையைக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை இடப்பக்கமாகத் திருகினேன். டப்பாவுக்குள் போட்டதும் அது இரண்டு தரம் தட்டியது. சுகுணா மூடியை அழுத்தி மூடினாள்.